லயத்துப் பிள்ளையும் லண்டன் கோடையும்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை என் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர். பின்னால் அவருடைய மனைவி. இருவரும் குளித்து, நல்ல உடை உடுத்தி வந்திருந்தார்கள். கோயிலுக்குப் போகிற வழி போலும் என்று நினைத்தேன். இல்லை, என்னைப் பார்க்கத்தான் வந்தார்களாம். இப்படி உடுத்திக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை கொண்டு வருவார்கள். இல்லாவிட்டால் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச வருவார்கள்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் மகள் எங்கள் பள்ளியில் படித்தவள். எஸ்.பி.எம். முடித்து, இப்போது பினாங்கில் ஒரு கல்லூரியில் வரைகலை வடிவமைப்பு படிக்கிறாள். அந்தக் கல்லூரி, கோடைகாலக் கலைப் பயணம் என்று மாணவர்களை லண்டனுக்கு அழைத்துப் போகிறதாம். 21 நாள். 18,000 வெள்ளி. மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

"என்ன சார் செய்யலாம்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா சரி" என்றார்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. கைப்பையைத் திறந்து, ஒரு சிறிய சிவப்புத் துணி முடிச்சை எனக்குத் தெரியும்படி காட்டிவிட்டு மூடிக்கொண்டார். சங்கிலி. சுங்கைப் பட்டாணி அடகுக் கடைக்குப் போகத் தயாராக இருந்த சங்கிலி.

நான் யோசிக்கவே இல்லை. "வேண்டாம் அண்ணே. 21 நாளில் என்ன படிப்பு வரும்? ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். இந்தப் பணத்துக்கு அவள் ஒரு கணினி வாங்கலாம்" என்றேன். அவர்கள் தலையாட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். நல்ல புத்தி சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு நானும் படுக்கப் போனேன்.

உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் ஒரு பூனை.

2015ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் ஒரு சுற்றுலாக் குழுவோடு தமிழகம் போயிருந்தோம். பத்து நாளில் பதினான்கு ஊர். மாமல்லபுரத்தில் பேருந்தை நிறுத்தி, "இருபது நிமிஷம்" என்றார் வழிகாட்டி. அருச்சுனன் தபசு என்று சொல்கிறார்களே, பல்லவர் காலத்து அந்தப் பெரும் பாறைச் சிற்பம், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். இளநீர் குடித்தோம். பேருந்து கிளம்பிவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஐந்தாம் ஆண்டு வகுப்பின் சுவரில் ஒட்டி வைத்தேன், பிள்ளைகள் சரித்திரம் கற்றுக்கொள்ளட்டும் என்று.

மறுநாள் ஒரு சிறுமி என் மேசைக்கு வந்தாள். "சார், உங்களுக்குப் பக்கத்துல ஒரு பூனை ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்குது சார்" என்றாள். போய்ப் பார்த்தேன். ஆமாம்! பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே, ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். பொய்த் தவசியைப் பார்த்துச் சிற்பி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு செய்த கேலி அது. இத்தனை ஆயிரம் வெள்ளி செலவழித்து, கடல் கடந்து போய், அந்தப் பூனைக்குப் பக்கத்திலேயே நின்றவன் நான். என் கண்ணில் படவில்லை. கெடாவை விட்டு எங்கும் போகாத பத்து பதினோரு வயதுப் பிள்ளையின் கண்ணில் பட்டது.

அந்தச் சிறுமிதான் இந்த அண்ணனின் மகள். அவளுக்குத்தான் "வேண்டாம்" என்று தீர்ப்பு எழுதிவிட்டு வந்து படுத்திருக்கிறேன்!

இந்தக் கோடைப் பயணம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நமக்கு வெயில் காலமும் மழைக் காலமும்தான் தெரியும். ஐரோப்பாவில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை கோடை. கல்லூரிகளுக்கு நீண்ட விடுமுறை. அப்போது காலியாகக் கிடக்கும் வகுப்பறைகளில், வெளிநாட்டார்க்கும் உள்ளூரார்க்கும் ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று குறுகிய வகுப்புகள் நடத்துகிறார்கள். ஓவியம், அச்சுக்கலை, துணி வடிவமைப்பு, நகை, நாற்காலி, புத்தக அட்டை என்று பல துறைகள். முடிவில் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அது பட்டமும் இல்லை, பட்டயமும் இல்லை. அதைக் காட்டி யாரும் உத்தியோகம் கேட்க முடியாது. பெற்றோர் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடிதத்தில் 'சான்றிதழ்' என்ற சொல்லைப் பார்த்ததும் நம்மவர்களுக்குக் கை தானாகவே நகைப் பெட்டிக்குப் போய்விடுகிறது.

அப்படியானால் எதற்குப் போவது?

இந்தக் கேள்விக்கு ஆஸ்திரியா நாட்டு ஓவியர் ஒருவர் நல்ல விடை வைத்திருந்தார். ஓஸ்கார் கோகோஷ்கா என்பது அவர் பெயர். 1953இல் சால்ஸ்பர்க் நகரத்து மலைக்கோட்டையில் அவர் ஒரு கோடைக்காலப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு 'ஓவியப் பள்ளி' என்று பெயர் வைக்கவில்லை. 'பார்க்கும் பள்ளி' என்று வைத்தார். அங்கே மாதிரியாக நிற்பவர் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கமாட்டார். சிறிது நேரத்துக்கு ஒரு முறை நிலை மாறுவார். மாணவர்கள் நீர் வண்ணத்தில் சட்டென்று தீட்ட வேண்டும். அழித்துத் திருத்த நேரமில்லை. உற்றுப் பார்க்காதவனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கோடைப் பள்ளி இன்றும் நடக்கிறது. சில வாரங்களில் கை தேர்ந்துவிடாது, ஆனால் கண் திறந்துவிடலாம் என்பதுதான் அதன் நம்பிக்கை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். பினாங்கிலிருந்து பேருந்து பிடித்து வந்திருந்தாள். கோபமாக வருவாள் என்று எதிர்பார்த்தேன், கோபம் இல்லை. இரண்டு வரைபட நோட்டுகளை மேசைமேல் வைத்தாள். "பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க சார்" என்றாள்.

முதல் நோட்டில் பாட்டியின் பொருள்கள். பாட்டி பால்மரம் வெட்டியவர். அவருடைய பழைய வெட்டுக் கத்தி, பால் மங்கு, காண்டா வாளி எல்லாம் நான்கு பக்கமிருந்தும் வரையப்பட்டிருந்தன. ஒரு பக்கம் முழுக்கப் பால்மரத்தின் வெட்டுப் பட்டை மட்டும். யாரோ ஒரு சிறுதோட்டக்காரரின் மரத்தடியில் உட்கார்ந்து வரைந்தாளாம்.

அந்தக் கோட்டைப் பற்றி அவள் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். உங்களில் பலருக்கு அது கைப்பழக்கம். வெட்டு இடது பக்கம் மேலிருந்து வலது பக்கம் கீழே ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்குகிறது. ஏன் அந்தப் பக்கம்? பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேராக மேலே ஏறுவதில்லை. சற்று வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். சரிவு குறைந்தால் பால் ஓடாமல் வழிந்து வீணாகும். கத்தி ஆழமாகப் போனால் மரம் புண்பட்டு, புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். "பாட்டி போட்ட கோடு அழகுக்காகப் போட்டது இல்ல சார். ஆனா அழகா இருக்கு. இதத்தான் எங்க கல்லூரியில டிசைன்னு சொல்றாங்க" என்றாள்.

பயிற்சிக் கல்லூரியில் எனக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. வாழைப்பழமும் பூச்சாடியும் வரைந்து மதிப்பெண் வாங்கினோம், அவ்வளவுதான்.

இரண்டாவது நோட்டில் சொம்பு. வீட்டிலிருக்கும் பித்தளைச் சொம்பு ஒன்றையே இருபது முப்பது படம் வரைந்திருந்தாள். சிரித்துவிட்டேன். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற கணவன் மனைவி இருவரும் அமெரிக்காவில் நாற்காலி முதல் திரைப்படம் வரை வடிவமைத்துப் பெயர் பெற்றவர்கள். வடிவமைப்புக் கல்வியை எப்படித் தொடங்கலாம் என்று ஆலோசனை சொல்ல இந்திய அரசாங்கம் அவர்களை அழைத்தது. இந்தியாவைச் சுற்றிப் பார்த்து 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். தாங்கள் பார்த்த பொருள்களிலேயே மிகச் சிறந்ததாக அதில் அவர்கள் போற்றியது தாஜ்மகாலை அல்ல, தண்ணீர்ச் சொம்பை!

ஒரு சொம்பைப் புதிதாகச் செய்வதென்றால் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று அவர்கள் வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்? தூக்குவது ஆணின் கையா, பெண்ணின் கையா? தலையில் வைப்பார்களா, இடுப்பிலா? காலியாக இருக்கும்போது எப்படி நிற்கும், நிறைந்தால் எப்படி நிற்கும்? ஊற்றும்போது சிந்துமா? உள்ளே கைவிட்டுக் கழுவ முடியுமா? கல் தரையில் வைத்தால் என்ன சத்தம் வரும்? என்ன விலை? பழசானால் உலோகத்துக்கு என்ன கிடைக்கும்? எந்தத் தனி மனிதரும் உட்கார்ந்து சொம்பை வடிவமைக்கவில்லை, பல தலைமுறைக் கைகள் சேர்ந்து செய்தன என்பது அவர்கள் முடிவு. 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் பிறந்ததற்கு இந்த அறிக்கைதான் வித்து.

"படம் வரையிறது ஒரு வேலையா சார்?" என்று அண்ணன் என்னைக் கேட்டிருந்தார். அவருக்கு அன்று ஒழுங்கான பதில் சொல்லவில்லை. இந்தச் சொம்பைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, சொம்பும் கோடும் வீட்டிலேயே இருக்கும்போது லண்டன் எதற்கு? அதையும் அவளிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் சன்னல் வழியே ஜெராய் மலையைக் கை காட்டினாள். "அந்தப் பக்கத்துல ஒருத்தர் பொறந்தாரே சார்" என்றாள்.

வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, ஓவியர் இப்ராகிம் உசேன் நம் கெடாக்காரர். 1936இல் ஜெராய் மலையின் கடலோரப் பக்கத்தில், யான் வட்டாரத்துச் சுங்கை லீமாவ் டாலாம் என்னும் கிராமத்தில் பிறந்தார். சிங்கப்பூர் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் படித்தார். பிறகு லண்டன். 1959 முதல் 1963 வரை பையாம் ஷா ஓவியப் பள்ளி. அங்கிருந்து 1966 வரை ராயல் அகாடமி பள்ளி. பயண உபகாரச் சம்பளம் பெற்று பிரான்சும் இத்தாலியும் போய்ப் பார்த்தார். அமெரிக்காவிலும் சிறிது காலம் இருந்தார். 1970இல் நாடு திரும்பி மலாயாப் பல்கலைக்கழகத்தில் தங்கு ஓவியராகப் பணியாற்றினார். 2009இல் காலமானார்.

இத்தனை ஊர் சுற்றியவர் என்ன வரைந்தார்? மனிதன் நிலவில் இறங்கிய 1969ஆம் ஆண்டை ஒட்டி அவர் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் ஒன்று உண்டு. 'என் தந்தையும் விண்வெளி வீரரும்' என்பது அதன் பெயர். ஒரு பக்கம் விண்வெளி உடை அணிந்தவர். அருகிலேயே அவருடைய கிராமத்துத் தகப்பனார். லண்டனும் அமெரிக்காவும் பார்த்துவிட்டு வந்த மகன், அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு நிலவுக்குப் போகவில்லை. பக்கத்திலேயே நிற்க வைத்தார். யானிலேயே இருந்திருந்தால் அப்பாவை வரைந்திருப்பார். விண்வெளி வீரரை வரைந்திருப்பாரா? லண்டனில் பிறந்திருந்தால் இந்த அப்பா கிடைத்திருப்பாரா?

எல்லாரும் லண்டனுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, சிறுவனாகப் பினாங்குக்கு வந்து வளர்ந்த சையது தாஜுதீன் படிக்கப் போனது சென்னைக்கு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைத் தொழிற் கல்லூரியில் 1974 வரை படித்தார். அந்தக் காலத்தில் அவர் தீட்டிய இராமாயணக் காட்சிகள் இந்நாட்டு ஓவிய வரலாற்றில் இடம் பெற்றவை. சென்னைச் செலவு லண்டன் செலவில் ஒரு பங்குதான் வரும். இதையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அங்கேயும் போவேன் சார்" என்று சிரித்தாள். இளம் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொன்னால் இரண்டாகக் கேட்கிறார்கள்.

பிறகு இருவரும் உட்கார்ந்து கல்லூரியின் கடிதத்தை வரி வரியாகப் படித்தோம். சனிக்கிழமையே நான் செய்திருக்க வேண்டிய வேலை. 21 நாளில் வகுப்பும் அருங்காட்சியகமும் 12 நாள். மீதி 9 நாள் பாரிஸ், பெரிய கடைத்தெரு, ஒரு கேளிக்கைப் பூங்கா. 18,000 வெள்ளியில் சாப்பாடு அடக்கமில்லை. இது இரண்டாம் பக்கத்தில் எறும்பெழுத்தில் இருந்தது. காப்புறுதி உண்டா, பாதியில் உடம்பு சரியில்லாமல் திரும்பினால் பணம் கிடைக்குமா, வகுப்பை அங்கிருக்கும் ஆசிரியர் நடத்துகிறாரா அல்லது கூடவே போகிற விரிவுரையாளர் நடத்துகிறாரா, ஒன்றும் எழுதவில்லை. இப்படி ஒரு கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்தால் இந்தக் கேள்விகளை எழுதிக் கேளுங்கள். நமக்கு ஆங்கிலம் தெரியாது, வெளியே தெரிந்தால் வெட்கம் என்று கேட்காமல் விடாதீர்கள். கேட்கிற பெற்றோருக்குத்தான் பதில் வரும்.

அவள் கேட்டாள். படிப்புப் பகுதிக்கு மட்டும் வந்துவிட்டு முன்னதாகத் திரும்பலாமா என்றும் கேட்டாள். ஒரு வாரம் இழுத்தடித்த பிறகு, சரி என்றார்கள். 14 நாள், 11,000 வெள்ளி. வாரக் கடைசியில் ஒரு அச்சகத்தில் வேலை செய்து அவள் சேர்த்தது 3,000க்குக் கொஞ்சம் மேல். மீதிக்கு அண்ணன் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

லண்டனில் அவள் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தேசிய ஓவியக் கூடம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் மூன்றுமே பொதுவாக இலவசம். இந்த மூன்றாவதுதான் வடிவமைப்பு படிக்கிறவர்களுக்குத் தாய்வீடு. 1851இல் லண்டனில் பெரிய உலகப் பொருட்காட்சி நடந்தது. இயந்திரத்தில் செய்த இங்கிலாந்துப் பொருள்களை விட இந்தியக் கைவினைஞர்களின் துணிகளும் வேலைப்பாடுகளும் மேலானவை என்று அங்குள்ள அறிஞர்களே ஒப்புக்கொண்டார்கள். அவற்றில் சிலவற்றை விலைக்கு வாங்கி, தங்கள் மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வைத்தார்கள். அந்தச் சேகரிப்பிலிருந்து வளர்ந்ததுதான் அந்த அருங்காட்சியகம். நம் நெசவாளியிடம் அவர்கள் பாடம் படித்தார்கள். இப்போது நம் பிள்ளை அங்கே போய்ப் படிக்கிறாள். கணக்கு நேர்தான்!

பென்சிலும் நோட்டும் கொண்டு போய் அங்கே உட்கார்ந்து வரையலாம். கோடையில் லண்டனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தும் வரையலாம். மலேசியர்களுக்கு அங்கே சுற்றுலா விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி முதல், புறப்படும் முன்பே மின்னியல் பயண அனுமதி பெற்றிருக்க வேண்டும். விமான நிலையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

போகும் முன் ஒரு வேலை கொடுத்தேன். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது; நம் முன்னோர் கடாரம் என்று சொன்ன பகுதி. எங்கள் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்விடலாம். அங்கே புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தில் தூண்கள் நின்ற கற்களை முதலில் வரைந்து பழகு என்றேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனாள். ஒரு ஞாயிறு அண்ணனும் கூடப் போய், மகள் வரைகிற வரைக்கும் நிழலில் உட்கார்ந்திருந்தாராம். "முப்பது வருஷமா இந்தப் பக்கம் போறேன் வர்றேன் சார், உள்ள போனதே இல்ல" என்றார்.

சங்கிலி அடகுக்குப் போய்விட்டது என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. அக்காவே சொன்னார், என்னிடம் மறைக்க விரும்பாமல். "வேணாம்னு நீங்க சொன்னது 18,000க்குத்தானே சார், 11,000க்கு சொல்லலியே" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. மாதம் தவறாமல் வட்டி கட்டிவிடுங்கள் அக்கா என்று மட்டும் சொன்னேன். ரசீதைப் பத்திரமாக வைக்க ஒரு உறை கொடுத்தேன்.

ஜூன் கடைசியில் விமானம். நேற்று விடைபெற வந்தாள். உங்களுக்கு என்ன சார் வாங்கி வரட்டும் என்று கேட்டாள். வாங்கி வர ஒன்றும் வேண்டாம், வரைந்து வா என்றேன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட்டிலும் சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனிகள் உள்ளன. கோயிலில் பட்டும் மாலையும் சார்த்தி, கருவறை இருட்டில், முன்னாலிருந்து மட்டுமே நாம் பார்க்கிறோம். அங்கே பட்டும் இல்லை, மாலையும் இல்லை. சுற்றி வர இடம் இருந்தால் பின்னால் போய் நில். முதுகும் சடையும் எப்படி இருக்கின்றன என்று வரைந்து கொண்டு வா, நாற்பது வயது தாண்டியும் நான் பார்த்ததில்லை என்றேன்.

நோட்டில் குறித்துக்கொண்டாள். திரும்பி வந்ததும் அந்தப் படத்தை ஐந்தாம் ஆண்டு வகுப்புச் சுவரில், பூனைக்குப் பக்கத்தில் ஒட்ட இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.